வாய்க்குள் பார்த்த டாக்டரம்மா

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சம்பளம் வாங்குகிற இடத்தில் போட்ட கையெழுத்துதான். என் எழுத்து கோடு போட்ட தாளில்கூட வரியை விட்டு இறங்கிப் போகும். ழ எங்கே, ள எங்கே என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொண்டு, தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் எழுதப்போகிறவரின் பெயர் எனக்குத் தெரியும். அவரைக் கேட்காமல் அதைப் போடுவது சரியில்லை. எங்கள் ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. டாக்டரம்மா என்றால் அவர்தான். வயது முப்பதுக்குள் இருக்கும். விருதுநகர்க்காரர். வீட்டில் பருப்பும் வத்தலும் வாங்கி விற்கிற கமிஷன் மண்டி. பல் டாக்டருக்குப் படித்துவிட்டு, ஈறு வியாதிக்கென்றே இருக்கிற மேல்படிப்பைப் படித்துக்கொண்டிருந்தார்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் முகம் வருவதில்லை. ஓடைக்கரைக் கருவேல மரத்தடியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு துண்டுப் பட்டையை வாயில் போட்டு மென்றுகொண்டு, கண்ணை மூடி நிற்பாரே, அந்தக் கோலம்தான் வருகிறது. வேலைக்குப் போகிற பெண்கள் வேனில் இருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர் கவனிக்க மாட்டார். மென்றதைத் துப்பி, அது என்ன நிறம் என்று குனிந்து பார்ப்பார். பிறகு நாக்கால் ஈறைத் தடவிக்கொண்டே எங்களிடம் வருவார்.

நான் தாயில்பட்டிக்குத் தெற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் கரி சலிக்கிறேன். வெடிக்குப் போகிற கரி முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி இருக்க வேண்டும். அந்தக் கரியில்தான் எங்கள் தெருவில் பாதிப்பேர் பல் விளக்கினோம். சலித்த கரியை ஒரு பொட்டலம் வீட்டுக்குக் கொண்டுபோய், கொஞ்சம் உப்பு சேர்த்து வைத்துக்கொள்வது வழக்கம். கடையில் வாங்குவதைவிட நைசாக இருக்கும் என்று பெருமை வேறு. டாக்டரம்மா முதல்முறை இதைக் கேட்டபோது, கரியால் பல் விளக்குவது நல்லதா கெட்டதா என்று சொல்லவில்லை. அது எந்த மரத்துக் கரி என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. மூட்டையாக வரும், சலிப்போம், அவ்வளவுதான். அடுத்த தடவை வரும்போது கேட்டு வையுங்கள் என்று சொல்லிவிட்டு, அதுவரை அதை வாயில் வைக்க வேண்டாம், பல்லை உரசித் தேய்த்துவிடும் என்றார்.

எனக்கு அப்போது கீழ்வரிசை முன்பல் இரண்டு ஆடிக்கொண்டிருந்தன. ஈறில் விரல் பட்டாலே ரத்தம். காலையில் தலையணையில் செம்மண் கரைத்த மாதிரி கறை இருக்கும். நாற்றம் எனக்கே தெரிந்தது. நான் சின்ன வயசிலிருந்தே அதிகம் பேசாதவன். இது வந்த பிறகு துண்டை வாய்மேல் போட்டுக்கொள்வது பழக்கமாகிவிட்டது. சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்காருவேன். சிவகாசியில் ஒரு பல் டாக்டரிடம் காட்டினேன். ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை, இரண்டையும் பிடுங்கிவிடலாம் என்றார். நான் அங்கிருந்து எழுந்து வந்துவிட்டேன். முன்னால் ஓட்டையோடு என்னால் கரிக்கொட்டகையில்கூட உட்கார முடியாது என்று தோன்றியது. அந்த இரண்டு பல்லும் நிற்குமா என்பதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே கவலை.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா எங்கள் ஊருக்கு வந்தார். பொங்கல் கழிந்த நேரம். கருவேலம்பட்டையில் துவர்ப்பாக இருக்கிறதே ஒரு சரக்கு, அதைத் தனியே பிரித்தெடுத்திருப்பதாகவும், அதைக் கலந்த தண்ணீரில் தினமும் வாய் கொப்பளித்தால் ஈறில் ரத்தம் வருவது குறைகிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் சமுதாயக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். தண்ணீர்த் தொட்டியில் உட்பக்கம் வழவழவென்று பாசி பிடிக்கும் அல்லவா, அது மாதிரி பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் கிருமி பிடித்து உட்கார்ந்துகொள்கிறது, விட்டால் பல்லைப் பிடித்திருக்கிற எலும்பையே கரைத்துவிடும் என்றார். பட்டையில் இருக்கிற சரக்கு அந்தப் பாசியை ஒட்டவிடாமல் செய்கிறதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது.

"அது வேலை செய்யும்மா. எங்களுக்குத் தெரியாதா? காலங்காலமா கருவேலங்குச்சியிலதான வெளக்குறோம்" என்றார் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர்.

"எதை வச்சுச் சொல்றீக?" என்றார் டாக்டரம்மா.

இது அவருடைய வார்த்தை. சண்டைக்குக் கேட்கிற மாதிரி இருக்காது. பக்கத்து இலையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். டீக்கடைக்காரர் ஒருநாள் மாட்டிக்கொண்டார். அவருடைய அப்பாவுக்குச் சாகிறவரை ஒரு பல்லும் விழவில்லையாம். ஆலங்குச்சி தவிர வேறெதையும் அவர் வாயில் வைத்ததில்லையாம்.

"ஒங்க சித்தப்பா இருந்தாகளா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இருந்தாரு."

"அவரு எதுல வெளக்குவாரு?"

"அதே ஆலங்குச்சிதான். ரெண்டு பேரும் ஒரே மரத்துல ஒடிப்பாக."

"அவருக்குப் பல்லு எப்படி?"

டீக்கடைக்காரர் டீயை ஆற்றினார். பெஞ்சின் ஓரத்தில் இருந்தவன் சொல்லிவிட்டான். "அவருக்குத்தான் நாப்பதுலயே மொத்தமாக் கொட்டிப்போச்சே. பணியாரத்தையே பாலுல ஊறப்போட்டுத்தான் திம்பாரு."

கடையே சிரித்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. சித்தப்பா வெற்றிலை போடுவாரா, எந்தப் பக்கத்துப் பல் முதலில் விழுந்தது, சர்க்கரை வியாதி உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். செத்துப்போய்ப் பத்து வருடமான மனிதரின் வாயை எங்கள் எல்லோர் முன்னாலும் திறந்து வைத்துவிட்டார். கிளம்பும்போது ஆலங்குச்சி ஒன்று ஒடித்துத் தரச் சொல்லி, மென்றுகொண்டே ஸ்கூட்டியில் ஏறிப் போனார்.

தனக்கே செய்து பார்ப்பதிலும் அவருக்குக் கணக்கு வழக்குக் கிடையாது. ஒரு தடவை கடுக்காயைச் சோதிக்கிறேன் என்று அவர் பல்லெல்லாம் கறுத்துப்போய் வந்தார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள், இந்தப் பல்லோடு இருந்தால் எந்த மாப்பிள்ளை வருவான் என்று. "கறை எம்புட்டு நாள்ல போகுதுன்னு பாத்துட்டு மாப்பிள்ளை பாத்துக்கலாம்" என்றார் அவர். அதைச் சொல்லும்போதும் அவர் கண் அந்தப் பெண்ணின் வாய்மேல்தான் இருந்தது. யாரோடு பேசினாலும் வாயைத்தான் பார்ப்பார். சில பேருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் முதலில் பிடிக்கவில்லை.

வாயைக் காட்ட நான் சமுதாயக் கூடத்துக்குப் போகவில்லை. என் மனைவி போய்த் தன் வாயைக் காட்டிவிட்டு, எங்கள் வீட்டு ஆளுக்கு ரொம்ப மோசம், ஆனால் வர மாட்டார் என்று சொல்லியிருக்கிறாள். அன்று சாயங்காலம் நான் கம்பெனி வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். கரி அப்பி முகம் தெரியாமல் இருந்தேன். துண்டு வாய்மேல் இருந்தது. டாக்டரம்மா வந்து நின்றார். "அண்ணாச்சி, இந்த மாதிரி ஒரு வாயைத்தான் நான் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார். வரன் தேடுகிறவர்கள்கூட அவ்வளவு ஆசையாகச் சொல்ல மாட்டார்கள். கூட வந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்கார்ந்துவிட்டேன். போகாவிட்டால் இன்னும் சிரிப்பார்கள்.

கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்குள் இறக்கி ஒவ்வொரு பல்லாக அளந்தார். எங்கெல்லாம் ரத்தம் வருகிறது என்று, கூட வந்து எழுதிக்கொள்கிற நர்சிடம் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு பல்லில் படிந்திருந்த காரையை எடுத்துச் சுத்தம் செய்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. என் வாய்க்கு அத்தனை பக்கத்தில் அதற்கு முன் யாரும் வந்ததில்லை. எல்லாம் முடிந்ததும், துண்டைப் போட்டுக்கொண்டு, நான் அவரிடம் முதல் வார்த்தை பேசினேன்.

"பல்லு நிக்குமாம்மா?"

"தெரியலை அண்ணாச்சி" என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் என் மனைவி திட்டிக்கொண்டே வந்தாள். "படிச்ச பிள்ளை. நிக்கும்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்தா உதுந்திரும்?" எனக்கும் வருத்தம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், பிடுங்கிவிடலாம் என்று சொன்னவரும் ஆகிவிடும் என்று சொல்கிறவர்களும் என் வாயை இவ்வளவு நேரம் பார்க்கவில்லை. பார்த்தவர் தெரியவில்லை என்கிறார். அதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.

பாட்டில்கள் கொடுத்தார். பழுப்பு நிறத்தில் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. எண் மட்டும் ஒட்டியிருந்தது. பாதிப்பேருக்குப் பட்டைச் சரக்கு போட்ட தண்ணீர், பாதிப்பேருக்கு அதே நிறமும் அதே கசப்பும் உள்ள வேறு தண்ணீர். எது யாருக்கு என்று அவருக்கே தெரியாது, கல்லூரியில் வேறொருவருக்குத்தான் தெரியும் என்றார். அது எதற்கு என்று எல்லோரும் கேட்டோம். "எனக்குத் தெரிஞ்சா, பட்டை குடுத்தவுக வாயில நல்லதாத்தான் என் கண்ணு பாக்கும்" என்றார். தன் கண்ணையே நம்பாத ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. வெறும் தண்ணீர் கிடைத்தவர்களுக்குக் கடைசியில் பட்டைத் தண்ணீரும் தருவதாகச் சொன்னார். ஆனாலும் தெருவில் ஒரு முணுமுணுப்பு இருந்துகொண்டே இருந்தது. ஒரே வீட்டில் மாமியாருக்கு ஒரு எண், மருமகளுக்கு ஒரு எண். யாருக்குச் சரக்கு, யாருக்குத் தண்ணீர் என்று அடுப்படியில் பேச்சு.

நடுவில் ஒருநாள் எங்களில் சிலரை எக்ஸ்ரே எடுக்கக் கல்லூரிக்கு வேனில் கூட்டிப்போனார். திரும்பும் வழியில் விருதுநகரில் புரோட்டா வாங்கிக் கொடுத்தார். எண்ணெயில் பொரித்த புரோட்டா. ஆடுகிற பல்லை வைத்துக்கொண்டு அதைத் தின்பது லேசில்லை. நாங்கள் சால்னாவை நிறைய ஊற்றி ஊறவைத்தோம். டாக்டரம்மா தன் இலையைத் தொடவில்லை. எங்கள் தாடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க இடது பக்கம் மட்டும் மெல்றீக. நீங்க ரெண்டு பக்கமும். அண்ணாச்சி மெல்லவே இல்லை, முழுங்குறாரு." சாப்பிடும்போது இப்படி ஒருவர் சொன்னால் யாருக்குத் தொண்டையில் இறங்கும்? என் மைத்துனன் மட்டும் கூச்சமில்லாமல் கேட்டான், டாக்டரம்மா எந்தப் பக்கம் மெல்லுவீக என்று. அவர் ஒரு வாய் போட்டு மென்று பார்த்தார். "வலது பக்கம்" என்றார், புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி. "ஏன்னு தெரியலையே."

இந்த மைத்துனன் என் மனைவியின் தம்பி. கம்பெனியில் கலவை அறைக்காரன். வெடியுப்பும் கந்தகமும் கரியும் அளந்து கலக்கிறவன். அந்த வேலையில் தப்புக்கு இடமில்லை. அதனால் அவன் சொன்னால் தெருவில் கேட்பார்கள். அவன்தான் அந்த யோசனையைச் சொன்னான்.

இரண்டாவது தடவை பாட்டில் கொடுத்துவிட்டு டாக்டரம்மா போன மறுநாள், தெருவில் பாட்டில் வாங்கியவர்கள் எல்லோரும் அவன் வீட்டு வாசலில் கூடினார்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் செய்துவிட வேண்டும் என்று விடியும்போதே வரச் சொல்லியிருந்தான். கம்பெனியில் எப்படிக் கலப்பானோ அப்படியே எல்லாம். காலில் செருப்பு கிடையாது. இரும்புப் பாத்திரம் கூடாது என்று பிளாஸ்டிக் வாளி. கிண்டுவதற்கு மரக்கரண்டி. எல்லாப் பாட்டிலையும் வாளியில் ஊற்றி, நிதானமாகக் கலக்கி, பருத்தித் துணியில் வடிகட்டி, அவரவர் எண் போட்ட பாட்டிலில் அளவு மாறாமல் திரும்ப ஊற்றிக் கொடுத்தான். ஒரு சொட்டுக் கீழே சிந்தவில்லை என்று என் மனைவி வந்து சொன்னாள். அவளும் தன் பாட்டிலைக் கொண்டுபோயிருந்தாள்.

என்னையும் கூப்பிட்டார்கள். அத்தனை பேர் நடுவில் போய் நிற்க எனக்குக் கூச்சம். அப்புறம் கொண்டுவருகிறேன் என்றேன். போகவில்லை.

அடுத்த தடவை டாக்டரம்மா வந்தார். நாலைந்து பேரைப் பார்த்து முடித்திருப்பார். மைத்துனன் முறை வந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறப்பதற்கு முன்னால், அவனே சொல்லிவிட்டான். அவனுக்கு அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. சந்தோஷமாகத்தான் சொன்னான்.

"டாக்டரம்மா, இப்ப எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆக்கிட்டோம். பூராத்தையும் கலந்துட்டோம்."

டாக்டரம்மாவின் கையில் அளக்கிற கம்பி இருந்தது. அதைத் தட்டில் வைத்தார்.

"எதுக்குக் கலந்தீக?"

"வெடியுப்பைத் தனியாக் கொளுத்துனா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. கந்தகத்தைத் தனியாக் கொளுத்துனா நாறும். கரி கங்காக் கெடக்கும். மூணையும் சேத்தாத்தானம்மா வேகம். நீங்க ரெண்டையும் பிரிச்சுப் பிரிச்சுக் குடுத்தா எப்படி வேலை செய்யும்?"

 நர்சு எழுதுவதை நிறுத்திவிட்டாள். டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தானையில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஒண்ணு பட்டைத் தண்ணி. இன்னொண்ணு வெறும் தண்ணி. அதைத்தான கலந்திருக்கீக" என்றார்.

மைத்துனன் வாளியில் ஊற்றுகிற மாதிரி கையைக் கவிழ்த்துக் காட்டினான். "அப்ப நாங்க தண்ணி ஊத்தியா கலந்தோம்?"

"ஆமா."

"ஏலே, பால்காரன் வேலையில்ல பாத்திருக்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அடக்க முடியாமல் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வெளியே போய் ஸ்கூட்டிப் பக்கத்தில் நின்று போன் பேசினார். நான் வாசல் ஓரத்தில் இருந்ததால் அவர் பேசியது மட்டும் கேட்டது. அந்தப் பக்கம் அவருடைய வாத்தியார் போலிருக்கிறது. இந்த ஊரை விட்டுவிட்டால் ஒரு வருடம் போய்விடும் என்று இவரே சொன்னார். பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "யாருக்கும் தெரியாது, சரி சார். எனக்குத் தெரியும்ல" என்றார்.

உள்ளே வந்தவர் முதலில் போனது மைத்துனனிடம்தான். எந்த அளவில் கலந்தாய், எவ்வளவு நேரம் கிண்டினாய், எத்தனை மடிப்புத் துணி என்று உட்காரவைத்துக் கேட்டார். இரண்டு மூன்று செடியைச் சேர்த்தால் கூடுதலாக வேலை செய்யுமா என்பது நல்ல கேள்விதான், அதையும் ஒருநாள் பார்க்க வேண்டும் என்றார். வேறு யாராக இருந்தாலும் அவனைச் செருப்பால் அடித்திருப்பார்கள். அவன் அதற்குப் பிறகு ரொம்ப நாள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். அவர் திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

அப்போதுதான் என் மனைவி சொன்னாள், எங்கள் வீட்டு ஆள் மட்டும் பாட்டிலைக் கொண்டுவரவில்லை, வெட்கம் என்று.

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். வழக்கம்போல வாயைத்தான் பார்த்தார். துண்டு இருந்தது. நாற்காலியைக் காட்டினார். அன்றைக்கு என்னைப் பார்த்த மாதிரி வேறு எப்போதும் பார்க்கவில்லை. ஒவ்வொரு பல்லாக, முன்னும் பின்னும், கம்பியை இறக்கி இறக்கி. கீழ்வரிசை முன்பல் இரண்டையும் கருவியின் பின்பக்கத்தால் தள்ளிப் பார்த்தார். மறுபடி தள்ளிப் பார்த்தார். ரத்தம் அநேகமாக நின்றிருந்தது. ஆட்டமும் குறைந்திருந்தது. எனக்கு அது முன்பே தெரியும். சொல்லத்தான் தைரியம் வரவில்லை. கருவேலம்பட்டை என்னைக் காப்பாற்றிவிட்டது என்று ஓடைக்கரை மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, என்னுது பட்டைதான?" என்றேன்.

இந்த ஊர் எப்படியும் போய்விட்டது, இனி ஒளிக்க வேண்டியதில்லை என்று அவர் போன் போட்டு என் எண்ணைச் சொன்னார். பதில் வந்ததும் போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒங்க பாட்டில்ல பட்டை இல்லை."

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பொய்யான சாமிக்குப் பொங்கல் வைத்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு வருடம் வீணாகிப்போன மனிதரின் முகம் இல்லை அது. விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"அப்ப எதுனால?" என்றார்.

பல் காரையை எடுத்தது காரணமாக இருக்கலாம். ஆனால் அது எல்லோருக்கும் எடுத்ததுதான். கரியை நிறுத்தியதா? எல்லோரும்தான் நிறுத்தினார்கள். புகையிலை போடுவீகளா என்றார், நான் என்றைக்கும் போட்டதில்லை. சாப்பாடு மாறியதா, மாத்திரை ஏதாவது விழுங்கினேனா, கோயிலுக்கு விரதம் இருந்தேனா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். "யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் இல்லை. ஒருத்தரை வச்சு எதையும் சொல்ல முடியாது, ஆனா எனக்குத் தெரிஞ்சுக்கணும்" என்றார்.

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்லவில்லை. சொல்லவே முடியாத பதில் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அவர் ஆனைக்குட்டம் பக்கம் வேறொரு ஊரில் முதலிலிருந்து ஆரம்பித்தார். அங்கே ஒரு தெருவுக்கு ஒரே வகைப் பாட்டில் என்று வைத்துக்கொண்டதாகவும், யார் கலந்தாலும் கெடாது என்றும் நர்சு சொன்னாள். அந்த வேலை முடிந்த பிறகு, தீபாவளிக்கு முன்னால் சீசன் உச்சத்தில் இருந்தபோது, வாக்குக் கொடுத்தபடி எங்கள் ஊருக்கும் பட்டைத் தண்ணீர் கொண்டுவந்தார். பட்டை வேலை செய்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் குறைக்கிறது, ஆனால் அவர் ஆசைப்பட்ட அளவுக்கு இல்லை என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. அந்தச் சரக்கு ஈறில் ஒட்டி நிற்காமல் எச்சிலோடு போய்விடுகிறதோ என்று ஒரு சந்தேகம் இருப்பதாகவும் சொன்னார். போகும்போது, "ஒங்க வாய்தான் அண்ணாச்சி இன்னும் எனக்குப் புரியலை" என்றார். அதுதான் கடைசி. படிப்பு முடிந்து எங்கோ வேலைக்குப் போய்விட்டார்.

அன்று சொல்லாததை இப்போது எழுதிவிடுகிறேன். காலையும் ராத்திரியும் மெதுவாக, ஒவ்வொரு பல்லாக, ஈறோரத்தில் தேய்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாரே, அதை எங்கள் தெருவில் நான் ஒருவன்தான் செய்தேன். மற்றவர்கள் கேட்டால் ஆமாம் என்பார்கள். வேலை முடிந்து வந்தால் கை தூக்க முடியாது, யார் ராத்திரியில் பல் விளக்குவார்கள்? நான் விளக்கியது பல்லுக்காக இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒருவர் என் வாய்க்குள் பார்க்கப்போகிறார் என்பதற்காக. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கூட்டுவோம் அல்லவா, அது மாதிரி. கம்பெனி வாசலில் நிற்கிற பைக்குகளின் கண்ணாடியில் யாரும் பார்க்காதபோது துண்டை விலக்கி ஈறைப் பார்ப்பேன். முப்பது வருடமாக நான் பார்க்காத இடம். இதை அவரிடம், அத்தனை பேர் நடுவில், எப்படிச் சொல்வது?

அவர் வராமல் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டேன். மறு பொங்கலுக்குள் தலையணையில் கறை வந்தது. மற்றபடி எதுவும் மாறவில்லை. கரியைத் தொடவில்லை, பாட்டில் எதுவும் இல்லை. பயந்துபோய் மறுபடி ராத்திரி விளக்க ஆரம்பித்தேன். கறை போனது. என் ஒருவனை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பது தெரியும். ஆனால் எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அதனால் என் மனைவியிடம் சொன்னேன்.

அவள் முதலில் நம்பவில்லை. பிறகு, சரி, நானே பார்க்கிறேன் என்றாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசல் டியூப்லைட்டுக்குக் கீழே நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்து, தாடையைப் பிடித்து நிமிர்த்தி, வாய்க்குள் பார்க்கிறாள். போகிறவர்கள் கேலி பேசுவார்கள். அவள் காதில் வாங்க மாட்டாள். ஆடிய இரண்டில் ஒரு பல் போன சித்திரையில் விழுந்துவிட்டது. ஒன்று நிற்கிறது. பார்த்து முடித்ததும் "ம்" என்பாள். அதற்குப் பிறகு அவள் உட்காருவாள், நான் பார்ப்பேன். அவளுக்கு மேல்வரிசையில், வலது பக்கம் கடைசிக்கு முந்தின பல்லோரத்தில் லேசாகச் சிவந்திருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

கார்த்திகை மாதம் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.